தகப்பன் வாங்கிய துரும்பு

தன்னைத் தீர்த்துவிட்ட சேதி ஈஸ்வரிக்குப் பருத்திக்காட்டில் வைத்துத்தான் தெரிந்தது.

அது 1994 மாசி மாதம். அண்ணன் மனைவி முத்துமாரி மூன்றாவது பிள்ளையைப் பெற்றுப் படுத்திருந்தாள். காட்டுக்கும் வீட்டுக்கும் ஆள் இல்லையென்று தகப்பன் பால்சாமி சொல்லியனுப்பியதால், மகள் சுவாதியைக் கூட்டிக்கொண்டு எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்திலுள்ள பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள் ஈஸ்வரி. மடியில் பருத்தி கனக்க நிரையில் நின்றவளிடம், பக்கத்து நிரைக்காரி ஒருத்தி சாவு வீட்டில் துட்டி விசாரிக்கிற குரலில் கேட்டாள், பிள்ளையை இவளிடமே விட்டுவிட்டார்களா, இல்லை அவர்கள் கேட்கிறார்களா என்று. யார் எதைக் கேட்கிறார்கள் என்று ஈஸ்வரிக்கு விளங்கவில்லை. அவள் விழித்ததைப் பார்த்த பிறகுதான், இவளுக்கு எதுவுமே தெரியாது என்பது அந்தப் பெண்ணுக்கு உறைத்தது. வாயை விட்டாயிற்று, இனி மூடி என்ன ஆகப்போகிறது என்று முழுவதையும் சொல்லிவிட்டாள். திருச்சுழிப் பக்கம், ஈஸ்வரியின் புருஷன் பாண்டீஸ்வரனுடைய ஊரில் கூட்டம் போட்டுத் துரும்பு கொடுத்துவிட்டார்களாம்.

அவர்கள் ஆட்களில் கோர்ட்டுக்குப் போகாமலே கல்யாணத்தை முறிக்கிற வழக்கம் ஒன்று உண்டு. நாட்டாமை முன்னால் புருஷன் ஒரு துரும்பை எடுத்துக் கொடுப்பான். பெண் தரப்பு அதைக் கைநீட்டி வாங்கிவிட்டால் தீர்ந்தது. அதற்குமேல் அவனும் வேறு கட்டிக்கொள்ளலாம், அவளும் கட்டிக்கொள்ளலாம். அடுத்த தெருவில் ஒருத்திக்கு அப்படி நடந்ததை ஈஸ்வரியே சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தப் பெண் கூட்டத்துக்கு வந்திருந்தாள். தலையைக் கவிழ்ந்துகொண்டு ஓரமாக நின்றிருந்தாள்.

பருத்தியை அப்படியே வரப்பில் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பால்சாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். துரும்பை யார் வாங்கியது என்று கேட்டாள். அவர் திரும்பவில்லை.

"நான்தாம்மா வாங்குனேன்" என்றார், மாட்டைப் பார்த்தபடியே.

அதற்குமேல் அவர் சொல்லாவிட்டாலும் ஈஸ்வரிக்குப் புரிந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு அது. பத்து வருசத்துக்கு முன்னால் ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம். பாண்டீஸ்வரனுக்கு ஈஸ்வரி, ஈஸ்வரியின் அண்ணன் கோட்டைச்சாமிக்குப் பாண்டீஸ்வரனின் அக்கா முத்துமாரி. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் தாலி கட்டுவதுதான் அவர்கள் வழக்கம். அதனால் ஈஸ்வரி கழுத்தில் முத்துமாரி கட்டினாள், முத்துமாரி கழுத்தில் ஈஸ்வரி கட்டினாள். ஒரு முடிச்சை அவிழ்த்தால் இன்னொன்று தானாக நெகிழும். துரும்பை வாங்க மாட்டேன் என்று பால்சாமி சொல்லியிருந்தால், பச்சைப்பிள்ளையோடு படுத்திருந்த முத்துமாரியை அன்றைக்கே வண்டி கொண்டுவந்து ஏற்றியிருப்பார்கள்.

பாண்டீஸ்வரன் அடிக்கிற ஆளோ குடிக்கிற ஆளோ இல்லை. சீமைக்கருவேலங்காடுகளைக் குத்தகைக்கு எடுத்து மூட்டம் போட்டு, கரியை லோடு லோடாக மதுரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். சுவாதிக்குப் பிறகு ஈஸ்வரிக்கு இரண்டு தரம் கரு கலைந்தது. இனிமேல் தங்காது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவன் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். சண்டை ஒன்றும் இல்லாததால் ஈஸ்வரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரிமூட்டத்தில் வெளியே நெருப்பு தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்தான். ஆனாலும் தன் வீட்டை அப்படி நினைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை சுவாதியோடு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து திருச்சுழி பஸ் பிடித்து, இறங்கி ஊருக்கு நடந்தாள். வீட்டு நிலையில் மாவிலைத் தோரணம் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. கழுத்துக் கயிற்றில் மஞ்சள் இன்னும் பச்சையாக இருந்தது.

யார் வேண்டும் என்று கேட்டாள் அந்தப் பெண். சுவாதிதான் சொன்னாள்.

"இது எங்க வீடு."

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் பெயர் சோலைமணி, மல்லாங்கிணற்றுப் பக்கம் என்பதெல்லாம் ஈஸ்வரிக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தண்ணீரை வாங்கவில்லை. கொல்லைப்பக்கமிருந்து பாண்டீஸ்வரன் வந்தான். ஈஸ்வரியை நேராகப் பார்க்காமல், நிலைக்கதவைப் பார்த்துப் பேசினான்.

"ஊரு முடிச்சிருச்சு. இனிமே இவதான் இங்க. சுவாதிய வேணும்னா விட்டுட்டுப் போ."

சுவாதி அம்மாவின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஈஸ்வரி அங்கே அழவும் இல்லை, ஏசவும் இல்லை. நேரே நாட்டாமை இருளாண்டி வீட்டுக்குப் போனாள். அவர் நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பேர். உட்காரச் சொன்னார், சாப்பிட்டாயா என்று விசாரித்தார். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் கல்யாணத்தை எப்படி முறித்தார்கள் என்று அவள் கேட்டாள். அவர் கோபப்படாமல் பதில் சொன்னார். தகப்பனைக் கேட்டால் மகளைக் கேட்ட மாதிரிதான். கூட்டத்தில் பொம்பளையை நிறுத்திக் கேட்பது அவளுக்குத்தான் அவமானம். அந்த வேதனை வேண்டாமென்றுதான் அவளுக்குச் சொல்லாமல் முடித்தார்கள்.

"ஊருன்னா ஒரு கட்டுப்பாடு இருக்கு தாயி. கவர்மெண்டே இதுல தலையிடாது" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது ஈஸ்வரிக்குத் தெரிய இன்னும் ஒரு வருசம் ஆக வேண்டியிருந்தது.

வக்கீல் தங்கச்செல்வியிடம் அவளை அனுப்பியது, அருப்புக்கோட்டையில் தறிக்குப் போகிற தோழி ஒருத்தி. தங்கச்செல்வி அந்த டவுனில் நவதானியக் கடை வைத்திருந்த காசிராஜனின் மகள். அவர்கள் வகையறாவில் கறுப்புக்கோட்டுப் போட்ட முதல் பெண். அப்பாவின் கடைக்கு மேலிருந்த மாடி அறைதான் ஆபீஸ். கீழே மிளகாய் வற்றல் மூட்டை பிரித்தால் மேலே கட்சிக்காரர்கள் தும்முவார்கள். மகளுக்குக் கல்யாணம் முடிகிற வரைக்கும்தானே என்று காசிராஜன் அந்த அறையை விட்டுக்கொடுத்திருந்தார்.

தங்கச்செல்வி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இப்போது உனக்கு என்ன வேண்டும் என்றாள். பாண்டீஸ்வரனோடு திரும்பப் போய் வாழ வேண்டுமா?

ஈஸ்வரி யோசித்தாள். அந்த நிலைக்கதவும், அதைப் பார்த்துப் பேசிய முகமும் ஞாபகத்துக்கு வந்தன.

"வேண்டாம் வக்கீலம்மா. ஆனா என்னயக் கேக்காம என்னய அத்துவிட்டது செல்லாதுன்னு ஒருத்தர் சொல்லணும். அது போதும்."

அதைக் கேட்டதும் வக்கீலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சில மாதங்களுக்கு முன்னால் மதுரையில் பெண்கள் அமைப்பு ஒன்று நடத்திய கூட்டத்துக்குப் போயிருந்தாள். பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கென்று உலக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்றைப் பற்றி அங்கே பேசினார்கள். இந்தியாவும் போன வருசம் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டுவிட்டது. கல்யாணம் செய்துகொள்வதிலும் சரி, அதை முடித்துக்கொள்வதிலும் சரி, ஆணுக்கு உள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு என்று அதில் இருக்கிறது. கூட்டத்தில் கொடுத்த சிறு புத்தகத்திலிருந்து அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லிக்காட்டினாள். மதுரைக்கு அப்பால் ஈஸ்வரி போனதில்லை. தனக்கு நடந்ததைப் பற்றி யாரோ எங்கேயோ முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்து, அது தப்பு என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

"எல்லாத் தேசமும் கையெழுத்துப் போட்டிருக்கா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

வழக்குப் போட்டார்கள். தன் கல்யாணம் இன்னும் முறியவில்லை என்று கோர்ட்டு அறிவிக்க வேண்டும் என்பதுதான் வழக்கு.

அன்றிலிருந்து பிறந்த வீட்டில் அவளுக்கு மூச்சுத் திணறியது. கோட்டைச்சாமி தங்கச்சியோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் மேலும் முழுத் தப்பு என்று சொல்ல முடியாது. மச்சினன் வீட்டார் மாதத்துக்கு ஒரு தரம் வந்து, கேஸை வாபஸ் வாங்கச் சொல், இல்லாவிட்டால் எங்கள் பெண்ணை நாங்கள் கூட்டிப்போகிறோம் என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். முத்துமாரி அடுப்படிக்குள்ளேயே இருந்தாள். ஈஸ்வரியும் அவளும் மதினி என்று ஒருவரையொருவர் கூப்பிட்டு, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இப்போது ஒருத்தி உள்ளே வந்தால் மற்றவள் வெளியே போனாள். கடைசியில் ஈஸ்வரி அருப்புக்கோட்டையில் ஒரு ஒண்டுக்குடித்தனம் பிடித்து, சாயப்பட்டறை ஒன்றில் நூல் உலர்த்தும் வேலைக்குச் சேர்ந்தாள். சுவாதியை அங்கேயே பள்ளிக்கூடத்தில் போட்டாள். வெயிலில் நூலைப் புரட்டிப் புரட்டி அவள் கையில் ஏறிய நீலமும் சிவப்பும் சோப்புப் போட்டாலும் போகவில்லை. கோர்ட்டுக்குப் போகும்போது முந்தானைக்குள் கையை மறைத்துக்கொள்வாள்.

வழக்கு விசாரணைக்கு வந்தது மறுவருசம். பாண்டீஸ்வரன் தரப்பில் ஆஜரானவர் சங்கரபாண்டியன், வயதான வக்கீல். குரலை உயர்த்தாமல் பேசுபவர். தங்கச்செல்வி முதல்நாளே அந்த உடன்படிக்கையைச் சொல்லித்தான் ஆரம்பித்தாள். நன்றாகத்தான் பேசினாள். கோர்ட்டில் இருந்த சில ஜூனியர் வக்கீல்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஈஸ்வரிக்கு இங்கிலீஷ் விளங்காவிட்டாலும், தன்னைப் பற்றித்தான் என்று கையை நெஞ்சோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சங்கரபாண்டியன் எழுந்தார். கற்றறிந்த சகோதரி சொன்ன உடன்படிக்கையைத் தானும் படித்துப் பார்த்ததாகவும், ஆனால் அதோடு சேர்ந்த ஒரு பக்கத்தைச் சகோதரி படிக்க விட்டுப்போனதாகவும் சொன்னார். ஏற்றுக்கொள்ளும்போது நம் அரசாங்கம் விளம்பல் என்று ஓர் அறிவிப்பையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரத்திலும் அந்தச் சமூகமே முன்வந்து சம்மதித்தாலொழியத் தலையிடுவதில்லை என்பது அரசாங்கத்தின் கொள்கை. அந்தக் கொள்கைக்கு இசைந்த அளவுக்குத்தான் கல்யாணத்தைப் பற்றிய பிரிவையும், வழக்கங்களை மாற்றுவது பற்றிய பிரிவையும் நிறைவேற்றுவோம். இதுதான் அந்த விளம்பல். நம் இந்துத் திருமணச் சட்டமே வழக்கப்படி கல்யாணத்தைத் தீர்த்துக்கொள்வதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தார்.

தங்கச்செல்வி கையிலிருந்த புத்தகத்தை வேகமாகப் புரட்டினாள். மதுரையில் கொடுத்த புத்தகத்தில் அந்தப் பக்கமே இல்லை. ஜட்ஜ் பொறுமையாகத்தான் சொன்னார். உடன்படிக்கை இந்தக் கோர்ட்டைக் கட்டுப்படுத்துகிற சட்டம் ஆகாது. அப்படியே பார்த்தாலும் அரசாங்கம் இந்த நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டிருக்கிறது. எனவே வழக்கம் என்ன என்பதற்குச் சாட்சியம் கொண்டுவாருங்கள் என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் வைத்துத் தங்கச்செல்வி அதையெல்லாம் ஈஸ்வரிக்கு விளக்கினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே குரல் இறங்கியது. ஈஸ்வரி குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சமூகம் சம்மதிச்சாத்தான்னா, சமூகம்னா யாரு வக்கீலம்மா? இருளாண்டி மட்டுமா? நானும் அந்தச் சமூகந்தான. என் மதினி, பருத்திக்காட்டுல நிக்கிற பொம்பளைக எல்லாம் அந்தச் சமூகந்தான. எங்கள்ல யாருகிட்ட வந்து கேட்டாக?"

தங்கச்செல்வி கையிலிருந்த புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். ஈஸ்வரி அன்று சாயப்பட்டறைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். உலகமே கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று இருந்த தெம்பு போய்விட்டது. இருளாண்டி அன்றைக்குச் சொன்னதைத்தான் அரசாங்கமும் நல்ல இங்கிலீஷில் சொல்லியிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

அதற்குப் பிறகு வழக்கு வழக்கத்தைப் பற்றியதாக ஆனது. இருளாண்டி கூண்டேறி, தன் பாட்டன் காலத்திலிருந்து துரும்பு கொடுப்பது உண்டு என்றார். பெண்டாட்டி புருஷனுக்குத் துரும்பு கொடுத்தது உண்டா என்று தங்கச்செல்வி கேட்டதற்கு, அப்படி வழக்கமில்லை என்றார். கூட்டத்துக்கே வராத பெண்ணுக்காகத் தகப்பன் வாங்கியது இதற்கு முன்னால் எங்கே நடந்தது, யாருக்கு நடந்தது என்று கேட்டாள். அவர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். பேர் ஒன்றும் ஞாபகம் வரவில்லை என்றார். ஆனால் தகப்பன் மனமொப்பி வாங்கினார், மகளும் சொல்லித்தான் வாங்கியிருப்பார் என்று முடித்தார்.

அதை நிரூபிக்கத்தான் பால்சாமியைப் பாண்டீஸ்வரன் தரப்பு சாட்சியாகக் கூப்பிட்டது. காலையிலேயே அவரைத் தங்கள் காரில் அழைத்துவந்திருந்தார்கள். வேட்டி சட்டை புதிதாக இருந்தது. கூண்டில் ஏறும்போது மகள் இருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை. சங்கரபாண்டியன் கேட்டதற்கெல்லாம், ஆமாம், வாங்கினேன், கூட்டத்தில் வைத்து வாங்கினேன் என்று சொல்லிக்கொடுத்தபடி சொன்னார். தங்கச்செல்வி எழுந்தபோது அவளிடம் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. உங்கள் மகள் உங்களை வாங்கச் சொன்னாளா என்று மட்டும் கேட்டாள்.

பால்சாமி கூண்டின் கட்டையைப் பிடித்தபடி நின்றார். ஜட்ஜ் கேள்வியைத் திரும்பச் சொன்னார்.

"அவளக் கேக்கல சாமி" என்றார். "மகளுக்குத் தெரியாது. மருமக பச்சைப்பிள்ளக்காரி. வாங்கலேன்னா அவளத் தூக்கிட்டுப் போயிருவோம்னாக. என் பேரப்பிள்ளை பாலில்லாமக் கிடக்குமேன்னு வாங்குனேன். மனசொப்பி வாங்கல."

அப்போதுதான் அவர் மகளைப் பார்த்தார். ஈஸ்வரிக்கு அவரை மன்னிக்கவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. அன்று சாயங்காலம் அவரை யாரும் காரில் ஏற்றவில்லை. பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றவரிடம் போய், சாப்பிட்டீர்களா அய்யா என்று மட்டும் கேட்டு, ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

1996 தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. மனைவிக்குத் தெரியாமல் தகப்பன் துரும்பு வாங்கினால் கல்யாணம் முறியும் என்கிற வழக்கம் நிரூபிக்கப்படவில்லை. ஆகவே ஈஸ்வரி பாண்டீஸ்வரனின் மனைவியாகவே நீடிக்கிறாள். தங்கச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று தெரு தள்ளியிருந்த கோயிலுக்குப் போய் ஈஸ்வரி ஒரு தேங்காய் உடைத்தாள்.

அந்த வாரமே பாண்டீஸ்வரன் ஆட்களோடு வந்து தன் அக்காளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். கோட்டைச்சாமி தடுக்கவில்லை. சின்னதை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு முத்துமாரி போனாள். மூத்தவை இரண்டும் தெருமுனை வரைக்கும் வண்டி பின்னால் ஓடியதாகப் பால்சாமி வந்து சொன்னார். அதைக் கேட்ட பிறகு ஈஸ்வரிக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. வாரக்கடைசியில் ஊருக்குப் போய் அந்தப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றிச் சோறாக்கிவிட்டு வருவாள். அவள் ஆக்கிய சோற்றை அண்ணன் தொட மாட்டான்.

தங்கச்செல்வி அடுத்த வேலையில் இறங்கியிருந்தாள். முதல் கல்யாணம் நிற்கிறது என்றால் இரண்டாவது கல்யாணம் குற்றம். அதைச் சொல்லிப் பாண்டீஸ்வரனுக்கு நோட்டீஸ் அனுப்பினாள். அவன் பதில் அனுப்பினான். இரண்டாவது கல்யாணமே நடக்கவில்லை என்று எழுதியிருந்தான். ஐயர் வைத்து ஓமம் வளர்க்கவில்லை, ஏழடி வைக்கவில்லை, யாரும் தாலி கட்டவில்லை. சோலைமணி வீட்டு வேலைக்கு வந்தவள், அவ்வளவுதான்.

இது நடந்து சில நாள் கழித்துச் சோலைமணி அந்த மாடி அறைக்கு வந்தாள். இடுப்பில் ஒரு ஆண்பிள்ளை. ஈஸ்வரியும் அப்போது அங்கே இருந்தாள். கீழே மிளகாய் நெடி ஏறி, பிள்ளை தும்மித் தும்மி அழுதது. சோலைமணி அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஈஸ்வரியிடம் பேசினாள்.

"நீங்க சிரிச்ச முகமாக் கைநீட்டி வாங்குனீகன்னு சொன்னாகக்கா. இல்லேன்னா எங்க அய்யா ஒத்திருக்க மாட்டாக. இப்ப நான் வேலைக்காரியாம். இவன் யாரு பிள்ளைன்னே தெரியாதாம்."

முத்துமாரிதானே தாலி கட்டியது, அவளைச் சொல்லச் சொல்லலாமே என்றாள் தங்கச்செல்வி. இல்லை, முத்துமாரி அன்றைக்குப் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள் என்றாள் சோலைமணி. ஒன்றுவிட்ட நாத்தனார் ஒருத்தி கட்டினாள். அவள் இப்போது, நான் அந்தப் பக்கமே போகவில்லை என்கிறாள். கல்யாணத்துக்குச் சாப்பிட வந்த ஊரே வாயை மூடிக்கொண்டுவிட்டது. எந்தக் கல்யாணமும் எங்கும் பதிவாகியிருக்கவில்லை. அந்த உடன்படிக்கையில் கல்யாணங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்றும் ஒரு பிரிவு இருந்ததையும், இத்தனை வழக்கங்களும் மதங்களும் இருக்கிற, எழுத்தறிவில் இத்தனை ஏற்றத்தாழ்வுள்ள பெரிய தேசத்தில் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று அரசாங்கம் அதற்கும் ஒரு விளம்பல் கொடுத்திருந்ததையும் தங்கச்செல்வி இப்போது தேடிப் படித்து வைத்திருந்தாள். அதை அவர்கள் இருவரிடமும் சொன்னாள்.

ஈஸ்வரிக்குச் சட்டம் புரிந்ததோ இல்லையோ, பாண்டீஸ்வரன் செய்தது புரிந்தது. ஈஸ்வரியை விடுவதற்கு வழக்கத்தைக் காட்டினான். சோலைமணியை விடுவதற்குச் சாஸ்திரத்தைக் காட்டுகிறான். இரண்டு வாசலும் அவனுக்குத் திறந்தே இருக்கிறது. தீர்ப்பு ஈஸ்வரியை அவன் மனைவி என்று சொல்கிற வரைக்கும் சோலைமணிக்கு ஒரு பேரும் கிடையாது. தன் பேரை மீட்டதில் இன்னொருத்தி பேர் போய்விட்டதே என்று அவளுக்கு நெஞ்சை அறுத்தது. சோலைமணி மேல் அவளுக்குப் பாசம் வந்துவிடவில்லை. அன்றைக்கு அந்த வாசலில் பார்த்த மஞ்சள் கயிறு இன்னும் கண்ணில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

பல நாள் யோசித்து இரண்டு முடிவு எடுத்தாள். ஒன்று, தானே மனுப்போட்டுப் பாண்டீஸ்வரனைக் கோர்ட்டு மூலமாக விலக்குவது. மற்றது, சோலைமணி பிள்ளைக்காகப் போடப்போகிற ஜீவனாம்ச வழக்கில் கூண்டேறிச் சாட்சி சொல்வது. அந்த வீட்டில் அவளைப் பார்த்ததையும், இனிமேல் இவதான் என்று பாண்டீஸ்வரன் தன் வாயால் சொன்னதையும். தங்கச்செல்வி முதலில் தயங்கினாள். இரண்டாவது வேலையில் ஈஸ்வரிக்கு ஒரு லாபமும் இல்லை, ஊர்ப்பகைதான் கூடும் என்றாள்.

"பகை இப்ப மட்டும் என்ன குறைச்சலாவா இருக்கு?" என்றாள் ஈஸ்வரி.

1997 ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், முத்துமாரி தம்பி வீட்டிலிருந்து யாரிடமும் சொல்லாமல் பிள்ளையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். புருஷன் வீட்டு வாசலில் நனைந்தபடி நின்றாள். கோட்டைச்சாமி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பால்சாமிதான் துண்டை எடுத்துக் கொடுத்தார். அந்த வாரக்கடைசியில் ஈஸ்வரி ஊருக்குப் போனபோது, முத்துமாரி அடுப்படியை விட்டு வெளியே வந்தாள்.

"போறியான்னும் என்னயக் கேக்கல, வாரியான்னும் கேக்கல மதினி. நானா வந்துட்டேன்" என்றாள்.

ஈஸ்வரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

விவாகரத்து மனு மறுவருசம் விசாரணைக்கு வந்தது. பாண்டீஸ்வரன் ஆட்சேபிக்கவில்லை. அவனுக்கும் அது வசதிதான். தன் சொந்த விருப்பத்தின் பேரில்தான் கேட்கிறாளா, யாரும் வற்புறுத்தினார்களா என்று ஜட்ஜ் ஈஸ்வரியைக் கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் அது. ஆனால் அவள் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாமென்று சொல்லிவிட்டு, என் விருப்பம்தான் அய்யா என்றாள்.

சோலைமணியின் வழக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஈஸ்வரி சாட்சி சொன்னாள். சங்கரபாண்டியன் அவளை மரியாதையாகவே குறுக்கு விசாரணை செய்தார். அவள் பொறாமையில் பேசுவதாகச் சொல்லிப் பார்த்தார். சக்களத்திக்குச் சாதகமாகச் சொல்வதில் என்ன பொறாமை என்று ஜட்ஜே இடையில் கேட்டார். ஆனாலும் பாண்டீஸ்வரன் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு காரணம் சொல்லி இழுத்தடித்தான். அடுத்த வருசமும் வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது.

அப்படி ஒரு தவணை தள்ளிப்போன நாளில் இரண்டு பெண்களும் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். மல்லாங்கிணறு பஸ் வரவில்லை. சோலைமணியின் மகன் தரையில் உட்கார்ந்து கடலைத்தோலை அடுக்கிக்கொண்டிருந்தான். தாய்வீட்டில்தான் இருக்கிறேன், மல்லி விதைத்திருக்கிறோம், இன்னும் ஒரு மழை பெய்தால் தேவலை என்று சொல்லிக்கொண்டிருந்தாள் சோலைமணி. சுவாதி என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். ஒன்பதாவது போகிறாள், கணக்கு வரவில்லை என்று ஈஸ்வரி சொன்னாள். பஸ் வந்ததும் கூட்டம் முண்டியது. சோலைமணி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏற, ஈஸ்வரி பிள்ளையை ஜன்னல் வழியாகத் தூக்கி உள்ளே கொடுத்தாள்.